சின்ன இடத்தில் நடக்கும் காப்பகம்: குழந்தைகளின் உடல் வளர்ச்சிக்கு என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் வாடகை வீட்டில் காப்பகம் நடத்துகிறீர்கள். ஏழு மாதத்திலிருந்து மூன்றரை வயது வரை பதினோரு குழந்தைகள். ஒரு ஹால், ஒரு அறை, பின்பக்கம் கொஞ்சம் சிமென்ட் முற்றம். இருபதாயிரம் ரூபாய் ஒதுக்கி, வாக்கர், சறுக்குமரம், பந்துத் தொட்டி இதில் எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 14 மாதக் குழந்தை ஒன்று இன்னும் நடக்கவில்லை, "இங்கே விட்டதால்தான் இப்படி" என்று அதன் அம்மா சொல்லிவிட்டார், அது உண்மையா என்று. எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. நாளில் ஒன்பது மணி நேரம் உங்களிடம் இருக்கும் குழந்தையின் உடம்பு நன்றாக வளர்வதில் எது உங்கள் கையில் இருக்கிறது, எது இல்லை என்று கேட்கிறீர்கள். நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். காப்பகங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போய்ப் பார்ப்பது பல வருடமாக என் வேலையில் ஒரு பகுதி. அதை வைத்துச் சொல்கிறேன்.

அந்தக் குழந்தையிலிருந்தே தொடங்குகிறேன், அதற்கு உறுதியான பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, எந்த மாதத்தில் எதைச் செய்கிறார்கள் என்று 2006-ல் வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். பிடித்துக்கொண்டு நிற்பது 4.8 முதல் 11.4 மாதத்துக்குள். தானாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். நடைக்கு மட்டும் ஒன்பது மாதத்துக்கும் மேலான இடைவெளி இருக்கிறது, அத்தனையும் இயல்புதான். ஒன்பதாவது மாதம் நடந்த குழந்தை கெட்டிக்காரக் குழந்தையும் இல்லை, பதினாறில் நடந்தது மந்தமும் இல்லை. அதே ஆய்வில் சுமார் 4 சதவீதக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. "தவழாமல் நடந்தால் பின்னாடி பிரச்சினை வரும்" என்று பயப்படும் பெற்றோரிடம் இதைச் சொல்லலாம்.

ஆகவே 14 மாதத்தில் நடக்காதது மட்டும் ஒரு குறை ஆகாது, அதற்கு உங்கள் காப்பகத்தைக் காரணம் சொல்லவும் முடியாது. ஆனால் குழந்தையைப் பார்க்காமல் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று நான் எழுதக் கூடாது. நீங்கள் பார்க்க வேண்டியவை இவை: நாற்காலியையோ கட்டிலையோ பிடித்துத் தானாக எழுந்து நிற்கிறதா? அதைப் பிடித்தபடியே பக்கவாட்டில் அடி வைக்கிறதா? நின்ற நிலையிலிருந்து தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காரத் தெரிகிறதா? இரண்டு கையையும், இரண்டு காலையும் ஒரே மாதிரி பயன்படுத்துகிறதா? நான்குக்கும் ஆம் என்றால் நிம்மதியாகக் காத்திருக்கலாம். 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் மட்டும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். நான்கில் ஏதாவது ஒன்றுக்கு இல்லை என்றால், 18 மாதம் வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே காட்டுவது நல்லது.

இனி வாக்கர். வாங்காதீர்கள், யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம். இதில் என் துறையில் இரண்டு கருத்து கிடையாது. துணி இருக்கையில் தொங்கிக்கொண்டு, கால் விரல் நுனியால் தரையை உந்தித்தான் குழந்தை நகர்கிறது. உடம்பின் எடையைக் காலில் வாங்கவோ, சாயும்போது தானாக நிமிரவோ அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. முன்னால் இருக்கும் தட்டு மறைப்பதால் தன் காலையே பார்க்க முடியாது. நடை இதனால் சீக்கிரம் வருவதில்லை, சில குழந்தைகளுக்குத் தள்ளிப்போகவும் செய்கிறது. அதைவிடப் பெரிய கவலை வேகம். நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்படிக்கோ போய்விடும். கனடா 2004-ல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. நம்ம ஊர் மர நடைவண்டி வேறு விஷயம். அதில் குழந்தை தன் காலில் நிற்கிறது, தன் எடையைத் தானே தாங்குகிறது, பாதத்தையும் பார்க்கிறது. வண்டி முன்னால் ஓடிவிடாமல் இருக்க அடித்தட்டில் இரண்டு கிலோ அரிசிப் பையோ மணல் பையோ வைத்துக் கட்டிவிடுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். ஒரு நடைவண்டி வாங்கினால் போதும்.

பந்துத் தொட்டியும் பிளாஸ்டிக் சறுக்குமரமும் உங்கள் ஹாலில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கேதான் என் முக்கியமான யோசனை வருகிறது: உங்களிடம் இருப்பதில் விலை மதிப்பானது தரை, அதை அடைக்காதீர்கள். சிறு குழந்தைக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று கிடையாது. விழித்திருக்கும் நேரமெல்லாம் புரண்டு, தவழ்ந்து, ஏறி, இறங்கி, விழுந்து எழுந்தால் அதுவே பயிற்சி. காப்பகத்தால் வளர்ச்சிக்குத் தடை வருகிறது என்றால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: குழந்தை அசையாமல் இருக்கும் நேரம் அதிகமாகிவிடுவது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. காலையில் வந்ததும் தூளி, பிறகு சாய்வு நாற்காலி, சாப்பாட்டுக்கு பெல்ட் போட்ட நாற்காலி, மற்ற குழந்தைகளைச் சமாளிக்க டிவி, மறுபடி தூளி. ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணிதான். கூட்டிப் பார்த்தால் நாளே போயிருக்கும். ஒரு நாள் ஒரே ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு, எத்தனை நிமிடம் எதில் இருந்தது என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். பார்க்கப் போகும் இடங்களில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

அளவு வேண்டுமென்றால், உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. ஒரு வயதுக்குக் கீழே, விழித்திருக்கும்போது குப்புறப் படுத்து விளையாடுவது நாளுக்குக் குறைந்தது 30 நிமிடம், பிரித்துப் பிரித்து. ஒன்றிலிருந்து நான்கு வயது வரை எல்லா அசைவும் சேர்த்து 180 நிமிடம். மூன்று வயதானால் அந்த 180-ல் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். எந்த வயதிலும் ஒரே மூச்சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ கட்டிப்போடக் கூடாது. இரண்டு வயதுக்குள் டிவி, போன் என்று எந்தத் திரையும் வேண்டவே வேண்டாம்.

உங்கள் ஏழு மாதக் குழந்தைக்கு வருவோம். தூளி தூங்குவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் யாராவது கண் பார்வையில் இருக்கும்போது. கண் திறந்ததும் தரையில் விட்டுவிடுங்கள். சிமென்ட் தரையில் ஒரு ஜமக்காளமோ கோரைப்பாயோ போதும். மெத்து மெத்தென்ற படுக்கையில் கை ஊன்ற முடியாது, அது வேண்டாம். குப்புறப் போட்டாலே அழுகிறது என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பால் குடித்து அரை மணி நேரம் ஆன பிறகு, ஒரு துண்டைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வையுங்கள், கைகள் துண்டுக்கு முன்னால் வரட்டும். நீங்களும் எதிரில் குப்புறப் படுத்து முகத்தைக் காட்டுங்கள். ஒரு பளபளப்பான எவர்சில்வர் கிண்ணத்தை உருட்டிவிடுங்கள். இரண்டு நிமிடம் தலையைத் தூக்கிப் பார்க்கும். அழ ஆரம்பித்தால் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போடலாம். பழகப் பழக ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் இருக்கும், அப்போது ஆறேழு தடவையில் நாள் கணக்கான 30 நிமிடம் வந்துவிடும். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் என்று ஐந்தாம் மாதத்தைப் பாடுவார்களே, ஒரு காலை மடித்து, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றி, தலை நிமிர்த்தி ஆடுவது, அந்த நிலைக்கு வர இந்த இரண்டு இரண்டு நிமிடங்கள்தான் வழி. தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். இந்த விதியை உங்கள் உதவியாளரும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கட்டும்.

ஒன்றரை, இரண்டு வயதுக் கூட்டத்துக்கு விழும் உரிமை வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்ற உளவியலாளர் 2012-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். 12 முதல் 19 மாதக் குழந்தைகளைச் சும்மா விளையாட விட்டு எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 முறை அடி எடுத்து வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். அத்தனை நடையும் அத்தனை விழுதலும் சேர்ந்துதான் நடக்கக் கற்பது. நான் போகும் காப்பகங்களில் அதிகம் காதில் விழும் வார்த்தை "ஓடாதே, விழுந்துருவே." பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் சொல்கிறார்கள், எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்தை வேறு வழியில் குறைக்கலாம். ஹாலில் இருக்கும் டீப்பாய், கூர்முனை அலமாரி, நாற்காலி எல்லாவற்றையும் ஒரு பக்கச் சுவரோடு தள்ளுங்கள். மெத்தை தைக்கும் கடையில் சொல்லி ரெக்சின் உறை போட்ட கெட்டியான ஃபோம் துண்டுகள் செய்து வாங்குங்கள்: ஒரு சாய்வுப் பலகை போல, ஒரு படி போல, இரண்டு தட்டையாக. உங்கள் இருபதாயிரத்தில் பெரும் பங்கு இதற்குப் போகட்டும். இந்த நான்கையும் தினமும் வேறு வேறு வரிசையில் போட்டால் ஏறுவது, இறங்குவது, உருளுவது, தாண்டுவது எல்லாம் வந்துவிடும். அட்டைப்பெட்டி, தலையணை உறையில் திணித்த பழைய துணி, தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டில் இவையும் நல்ல சாமான்தான். ஒரு லிட்டர் பாட்டிலை ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தூக்கிப் போய் வைக்கும் இரண்டு வயதுக் குழந்தையைக் கவனியுங்கள். வயிற்றை முன்னால் தள்ளி, காலை அகட்டி, ஒவ்வொரு அடிக்கும் உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டு போகும். முதுகுக்கும் இடுப்புக்கும் அதைவிட நல்ல வேலை நான் எழுதித் தர முடியாது.

மூன்று வயதுக்காரர்களுக்கு முற்றம் வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை காலை ஒன்பதரைக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும் விடுங்கள். வெறுங்காலோடு விடுவதற்கு முன் உங்கள் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். சுட்டால் வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஈரம் காய்ந்த பிறகு விடலாம். இரு காலையும் சேர்த்துக் குதிப்பது, சாக்பீஸ் கோட்டின் மேல் நடப்பது, பந்தை எறிவதும் உதைப்பதும், நண்டு போல் நடப்பது இவை இந்த வயதுக்குச் சரி. நொண்டியும் பாண்டியும் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதுக்குப் பிறகுதான் வரும், வரவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். மாதக் கட்டணத்துக்கு யோகா, ஜிம்னாஸ்டிக்ஸ் டீச்சர் வரவழைப்பது தேவையா என்று யாராவது கேட்டால், அந்தப் பணத்தில் இன்னொரு உதவியாளரைச் சில மணி நேரம் வையுங்கள் என்பேன். பார்க்க ஆள் இருந்தால்தான் குழந்தைகளை வெளியே விட முடியும்.

எழுத்துப் பயிற்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டரை வயதில் "இன்னும் அ எழுதவில்லையா" என்று பெற்றோர் கேட்கத் தொடங்குவார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. மூன்று வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் மூன்று போலத்தான் தெரியும், மற்றவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். தோளும் முழங்கையும் உறுதியான பிறகே விரல்கள் நுணுக்கமாக வேலை செய்யும். மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து விரலை மட்டும் அசைத்து எழுதுவது பொதுவாக நாலரையிலிருந்து ஆறு வயதுக்குள் வரும். அதற்கு முன் நோட்டில் வரி வரியாக எழுத வைத்தால், பென்சிலை முஷ்டியில் இறுக்கிப் பிடித்துத் தோளால் எழுதப் பழகிக்கொள்ளும். அதை மாற்றுவது பிறகு கஷ்டம். பதிலுக்கு முருங்கைக்கீரை ஆயக் கொடுங்கள். ஒரு கையில் காம்பைப் பிடித்து மறுகையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இலையை உருவ வேண்டும், எழுதுவதற்குத் தேவையான பிடி அதில் அப்படியே இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசைவது, துணி கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது, கோலப்பொடியைக் கிள்ளித் தூவுவது, பழைய செய்தித்தாளைக் கிழிப்பது எல்லாம் இதே வகை. சாக்பீஸை உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுத்தால் முஷ்டியில் பிடிக்க இடமில்லாமல் விரல் தானாக முன்னுக்கு வரும். கரும்பலகையைத் தரையில் வைக்காமல் குழந்தையின் கண் உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். புளியங்கொட்டை, சோழி, மணி இவை மட்டும் மூன்று வயது வரை கைக்கு எட்டவே கூடாது. நிலக்கடலையையும் முழுத் திராட்சையையும் நான்கு வயது வரை கொடுக்க வேண்டாம். தொண்டையில் சிக்கினால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

ஓடியாட மாட்டேன் என்கிற குழந்தையைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காப்பகக் குழந்தைகள் வசதியான வீட்டுக் குழந்தைகள்தானே என்று நினைக்க வேண்டாம், பாலும் பிஸ்கட்டுமே சாப்பாடாக இருக்கும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அரசுத் திட்டத்தில் இந்த வயதுக்கு வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப்பும், ஒரு வயதுக்கு மேல் ஆண்டுக்கு இருமுறை பூச்சி மாத்திரையும் இலவசம். பக்கத்து அங்கன்வாடியில் விசாரிக்கச் சொல்லுங்கள். மதியத் தூக்கத்தையும் குறைக்காதீர்கள். ஒன்று, இரண்டு வயதில் பகல் தூக்கத்தோடு சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும்.

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. காலைப் பின்னால் மடித்து இரு பக்கமும் விரித்து உட்காருவதைப் பார்த்திருப்பீர்கள். அது இடுப்பைக் கெடுக்கும் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறது. ஆரோக்கியமான குழந்தைக்கு அது தீங்கு செய்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நாள் முழுக்க அந்த ஒரே நிலையில்தான் உட்காருகிறது என்றால் மட்டும் நான் குழந்தையைப் பார்க்க விரும்புவேன். தட்டைப் பாதத்துக்கும் இதே கதைதான். இந்த வயதில் பாதம் தட்டையாக இருப்பது இயல்பு, சிறப்பு ஷூ தேவையில்லை, வீட்டுக்குள் வெறுங்கால் நல்லது. இரண்டு வயதுக்குள் கால் வில் போல வளைந்திருப்பதும், மூன்று, நான்கு வயதில் முட்டி இடிப்பதும் பெரும்பாலும் தானாக நேராகும். எண்ணெய் தேய்த்துக் காலை நீவினால் சீக்கிரம் நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து திடமான ஆதாரம் இல்லை. குழந்தை ரசிக்கிறது என்றால் வீட்டில் செய்யட்டும், முறுக்கி இழுக்காமல் இருந்தால் சரி.

ஆனால் சில அறிகுறிகளைப் பார்த்தால் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. நான்கு மாதமாகியும் தலை நிற்காதது. ஒன்பது மாதத்துக்கு மேலாகியும் தானாக உட்காராதது. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நீட்டி, மறுகையை மூடியே வைத்திருப்பது (இடதுகைப் பழக்கம் என்று வீட்டில் சொல்வார்கள், அந்த வயதில் கைப்பழக்கம் தெரியவே கூடாது). உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருப்பது. ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுவது. மூன்று, நான்கு வயதுப் பையன் தரையிலிருந்து எழும்போது, கையை முதலில் முட்டியில், பிறகு தொடையில் ஊன்றித் தன்மேல் தானே ஏறுவது போல எழுந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். தசைச் சிதைவு நோயின் ஆரம்பம் பல நேரம் இப்படித்தான் தெரியும், சி.கே. என்ற எளிய ரத்தப் பரிசோதனையில் முதல் துப்பு கிடைத்துவிடும். வீட்டில் பெற்றோர் தூக்கித் தூக்கி வைத்திருப்பதால் அவர்கள் கண்ணுக்குப் படாமல் போகிறது. பத்துக் குழந்தைகளை ஒன்றாகப் பார்க்கும் உங்கள் கண்ணுக்குப் படும்.

இதற்கு அரசு ஏற்பாடு இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. மேல்சிகிச்சைக்கு மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே கட்டணமில்லாமல் கிடைக்கும். குழு எப்போது வருகிறது என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு, உங்கள் குழந்தைகளையும் அன்று காட்ட முடியுமா என்று பேசிப் பாருங்கள். பெற்றோரிடம் சொல்லும்போது நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்ல வேண்டாம். "உங்கள் பிள்ளைக்கு ஏதோ இருக்கிறது" என்று தொடங்கினால் மறுநாள் குழந்தையை அனுப்ப மாட்டார்கள். "தரையிலிருந்து எழும்போது இப்படி எழுந்திருக்கிறான், ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடலாமே" என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு அரை நிமிட வீடியோ எடுத்து அவர்கள் போனுக்கு மட்டும் அனுப்புங்கள், காப்பகத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். டாக்டர் முன்னால் குழந்தை அழுதுகொண்டு ஒன்றும் செய்து காட்டாது, அப்போது அந்த வீடியோவை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்கிறோம்.